பட்டியலில் ஏழாவது பெயர்

1

2024 ஒக்ரோபர் 12, சனிக்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். வெப்பநிலை 7 பாகை. தூறல், குடையை விரித்தால் வெட்கமாகவும் விரிக்காவிட்டால் ஈரமாகவும் இருக்கிற வகை.

கார்ல்ஸ்ரூஹே ட்ராமில் இருந்தேன். எங்கள் தமிழ்ப் பாடசாலை சனிக்கிழமைகளில் ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் ஆறு வகுப்பறைகளில் நடக்கிறது. வீட்டிலிருந்து தரிப்பிடம் 412 எட்டு நடை, ட்ராமில் 11 தரிப்பு, இறங்கிய பிறகு 290 எட்டு. இருபத்தொன்பது வருடங்களாக அந்த வழியால் போய்க் கணக்குப் படிப்பிக்கிறேன். எனக்கு வயது 73. ஊரில் ஆசிரியனாக இருந்தது நான்கு வருடம்தான். இங்கே பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தது இருபத்தேழு வருடம். ஆனாலும் எல்லாருக்கும் நான் மாஸ்டர்.

எட்டாவது தரிப்பில் கைபேசி அதிர்ந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குழு, 118 பேர். ஒரு படம் வந்திருந்தது. மேலே சிவப்பு எழுத்தில், "எங்கள் பிள்ளைகளைக் காப்போம். இவர்களைக் கவனியுங்கள்." கீழே இலக்கமிட்டு ஒன்பது பெயர்கள். சிறுவர்மீது பாலியல் குற்றம் செய்தவர்களாம். நான்கு பெயர்களுக்கு எதிரே ஊர், இரண்டுக்கு வயது, ஒன்றுக்கு மங்கலான படம்.

ஏழாவது பெயர்: ஜே. அந்தோனிப்பிள்ளை.

அந்தோனிப்பிள்ளை என் சிநேகிதர். மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருடம் நின்ற கால்கள், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தன. ஒன்பது வருடங்களாகச் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு எதிரே மஞ்சள் மேலங்கியோடு நின்று பிள்ளைகளைத் தெருவைக் கடக்கவிடுகிறார். பிள்ளைகள் அவரை மஞ்சள் தாத்தா என்பார்கள். சராசரியாக 43 பிள்ளைகள் அவர் கையைக் காட்டிய பிறகு கடப்பார்கள். நான் ஒவ்வொரு வாரமும் எண்ணுகிறவன்.

அன்று நான் இறங்கி நடந்தபோது அவர் நின்றார். மேலங்கி நனைந்திருந்தது. பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு 180 மீற்றர் கீழே, மற்றச் சந்தியால் கடந்துகொண்டிருந்தார்கள். மழைக்குள் வேண்டுமென்று சுற்றிப் போனார்கள்.

"மாஸ்டர், இண்டைக்கு லீவோ? ஒரு பிள்ளையையும் காணேல்ல" என்றார் அந்தோனி.

அவரிடம் இருப்பது பழைய, பொத்தான் வைத்த கைபேசி. அதில் வாட்ஸ்அப் வராது. பதில் என்னுடைய சட்டைப்பைக்குள் இருந்தது.

"மழை, அந்தோனி" என்றேன். "மழைக்குப் பிந்தி வருவினம்."

பத்தேகால் வரை நின்றார். கடந்த பிள்ளைகள்: பூச்சியம்.

2

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். பட்டியல் போடுவோம் என்று முதலில் சொன்னவன் நான்.

செப்ரெம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வேறொரு நகரத்தில் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கிய ஒருவரைக் கைதுசெய்த செய்தி வந்து, தாய்மார் கலங்கிப்போயிருந்த நேரம். இந்த நாட்டில் அப்படியானவர்களின் பெயரை எவரும் பார்க்கக்கூடிய பட்டியல் கிடையாது. தண்டனைப் பதிவு அரசிடம் இருக்கும். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் நகரசபையில் விண்ணப்பித்து நன்னடத்தைச் சான்றிதழ் எடுத்து வந்து காட்டவேண்டும். எங்கள் ஆட்கள் அதைப் 'பொலிஸ் றிப்போட்' என்பார்கள். அதைப் பார்த்துத் தேதி குறிக்கிற கொப்பி என் பொறுப்பு. மொத்தம் 26 பேர், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, இந்தக் கடதாசி யாரைத் தடுக்கும் என்று கேட்டேன். அமெரிக்காவில் என் மச்சான் இருக்கிறார். அங்கே கணினியில் தெருப் பெயரை அடித்தால் குற்றவாளிகளின் வீடுகள் சிவப்புப் புள்ளியாக வரும். நாங்கள் எங்கள் ஆட்களுக்குள் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்டேன். வந்திருந்தவர்கள் 31 பேர். கை உயர்த்தியவர்கள் 28. என்னுடைய கை முதலாவது.

பட்டியல் வந்த பிறகு மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உங்கட றோட்டில எத்தினை புள்ளி எண்டு சொன்னனீர்?"

"மூண்டு."

"அதை வைச்சு என்ன செய்தனீர்?"

"என்ன செய்யிறது? பாத்தம். பயந்தம். பிள்ளையளை வெளியில விளையாட விடேல்ல. பிறகு வீட்டை விக்கேக்க விலை குறைஞ்சுது."

"அந்த மூண்டு பேரும் என்ன செய்தவங்களாம்?"

"ஒருத்தன் பத்தொன்பது வயசில தன்ர பதினாறு வயசுப் பெட்டையோட ஓடினவனாம். மற்ற ரெண்டும் தெரியாது. எல்லாம் ஒரே சிவப்புத்தானே, அத்தான்."

செப்ரெம்பரில் இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எத்தனை புள்ளி என்றுதான் கேட்டேன்.

"உங்கட ஆக்களின்ர பட்டியல் எனக்கும் வந்தது" என்றார் மச்சான். "இஞ்ச கோயில் குறூப்பில போட்டிருக்கிறாங்கள்."

பட்டியல் வெளியாகி அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது.

3

பட்டியலைத் தொகுத்தவர் ரமணன், பெற்றோர் சங்கத் தலைவர். வயது 38. ஆறு வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவர், என்னுடைய பழைய மாணவர். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். கெட்டவர் இல்லை. பயந்தவர். பத்திரிகைச் செய்திகளையும் ஆட்கள் சொன்னதையும் சேர்த்துப் பெயர்களைப் பிடித்திருக்கிறார். திங்கட்கிழமை அவருடைய வேலைத்தல வாசலில் போய் நின்று, அந்த ஏழாவது பெயர் யார் என்று கேட்டேன்.

"மாஸ்டர், நான் ஒருத்தரையும் பிழையாய்ப் போடேல்ல" என்றார். "அது ஜூட் எண்டு ஒருத்தன். கோட்டில தண்டிச்சது. முப்பத்தாறு வயசு. இஞ்ச இருந்து இருநூறு கிலோமீற்றர். அந்தோனிப்பிள்ளை அவன்ர குடும்பப் பேர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். என் சிநேகிதர் ஜோசப்பின் மகன். ஆகவே எங்களுக்கு ஜே. அந்தோனிப்பிள்ளை. 1986 இல் அவர் அகதியாக வந்தபோது படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட முடியாதென்று தகப்பன் பெயரை எழுதினார்கள். அன்றிலிருந்து ஜேர்மன் அரசாங்கத்துக்கு அவர் ஹெர் ஜோசப், திருவாளர் ஜோசப். ஜூட்டுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அவனுடைய தகப்பன் வேறு யாரோ ஒரு அந்தோனிப்பிள்ளை. அது அவனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஜேர்மன் முறையில் எழுதினால் ஜே. அந்தோனிப்பிள்ளை. ரமணன் ஜேர்மன் முறையில் எழுதினார். 118 பேர் தமிழ் முறையில் வாசித்தார்கள்.

"இந்த நகரத்தில அந்தோனிப்பிள்ளை எண்டு எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

ரமணன் யோசித்தார். "எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

"ஒன்பது வருசமாய் உம்மட பிள்ளையளை றோட்டுக் கடக்கவிட்ட ஆள்."

"மஞ்சள் தாத்தாவோ? எனக்கு அவற்ர பேரே தெரியாது, மாஸ்டர்."

"அப்ப இப்பவே அதை எடும்."

கைபேசியை எடுத்தார். பிறகு நிறுத்தினார். "ஒருத்தரை எடுத்தால் எல்லாரும் தங்கட ஆளை எடுக்கச் சொல்லுவினம். கொமிற்றி கூடட்டும். அவரைப் புதுப் பொலிஸ் றிப்போட் ஒண்டு எடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கோ. வந்தால் நான் எடுக்கிறன்."

அந்தோனியின் சான்றிதழை நான் 2021 இல் பார்த்துத் தேதி குறித்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் செல்லுபடியாகும். சொன்னேன். புதிது வேண்டும் என்றார். பெயர் போடக் கடதாசி எதுவும் தேவைப்படவில்லை. எடுக்க அரசாங்க முத்திரை தேவைப்பட்டது.

4

அந்தோனிக்கு நான் சொல்லவில்லை. அவருடைய மருமகன் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், ஒரே பேத்தி. பேத்திக்கு ஏழு வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால், கிழமை நாட்களில் பகல் பன்னிரண்டரைக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது தாத்தாவின் வேலை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு 900 மீற்றர். அந்த 900 மீற்றருக்கு அவர்கள் எடுக்கும் நேரம் 50 நிமிடம், ஏனென்றால் பிள்ளை வழியிலுள்ள ஒவ்வொரு நாயோடும் கதைக்கவேண்டும்.

புதன்கிழமை மருமகன் வந்து நின்றபடியே சொன்னாராம்: "மாமா, எனக்குத் தெரியும் அது நீங்கள் இல்லையெண்டு. ஆனால் மற்றப் பிள்ளையளின்ர தாய்மார் பள்ளிக்கூட வாசலில நிண்டு பாக்கினம். உது முடியுமட்டும் நீங்கள் வரவேண்டாம்."

அந்தோனி என்னிடம் இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிள்ளை கேட்டதாம், தாத்தாவுக்குச் சுகமில்லையோ எண்டு. ஓம் எண்டு சொல்லியிருக்கினம்."

"அந்தோனி, நான் எடுப்பிக்கிறன்."

"என்னத்தை, மாஸ்டர்?"

"பேரை."

"போட்டதும் நீங்கள்தானாமே" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

5

நகரசபையில் சான்றிதழுக்கு ரெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுக்கப் போனோம். முதல் கிடைத்தது 19 நாள் கழித்து. அதற்கு முதல் பொலிசுக்குப் போனோம்.

ஐம்பது வயதுக்குக் கிட்டிய பொலிஸ் அதிகாரி, ஒரு பெண். பட்டியலை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அந்தோனியின் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"ஹெர் ஜோசப், இதில் ஜோசப் என்று எவரும் இல்லையே."

அந்தோனி என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். தகப்பன் பெயர், சொந்தப் பெயர், 1986 இன் கட்டம், எல்லாவற்றையும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்தினேன். 40 நிமிடம். முப்பத்தெட்டு வருடமாக எங்கள் பெயர்களைத் தலைகீழாக வைத்திருக்கிற நாட்டுக்கு அதைத் திருப்பி விளங்கப்படுத்த நாற்பது நிமிடம் அதிகமில்லைத்தான். ஆனால் நின்றது நாங்கள். அந்தோனிக்கு முழங்கால் நோ.

கடைசியில் அவர் முறைப்பாட்டை எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இதை யார் தொடங்கியது?"

"நல்லெண்ணத்தில் செய்தது" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை.

"இப்படியான பட்டியல் வந்தால் முதலில் என்ன நடக்கும் தெரியுமா? பெயர் சரியாக இருக்கிற ஆள் காணாமல் போவார். நேற்றுவரை அவர் எங்கே இருக்கிறார், எந்த நாள் யாரிடம் வந்து கையெழுத்து வைக்கிறார் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தெரியும். பிறகு தெரியாது. அது உங்களுக்குப் பாதுகாப்பா?"

நான்காவது பெயர் ஞாபகம் வந்தது. அந்த ஆளை எனக்கு முகமட்டில் தெரியும். தண்டிக்கப்பட்டதும் உண்மை, சிறைத் தண்டனையை முடித்ததும் உண்மை. ஒரு உணவகத்தின் பின்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். பட்டியல் வந்து மூன்றாம் நாள் வேலை போனது. ஐந்தாம் நாள் அறைக் கதவில் யாரோ பெயின்ற் ஊற்றினார்கள். எட்டாம் நாள் அறை வெறுமையாக இருந்தது. குழுவில் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் 52 பேர். அவன் எங்கே போனான் என்று கேட்டவர் எவரும் இல்லை. அவன்மீது எனக்கு இரக்கம் இல்லை. அவன் இப்போது எங்களைத் தெரியாத எந்த ஊரில், எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறான் என்பதுதான் என் கவலை.

என் மகன் கார்ஹிங் நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சராசரி 11 நிமிடம் கதைப்பான். சாப்பிட்டீர்களா, குளிரா என்பது தமிழில் வரும். கோபம் ஜேர்மனில்தான் வரும். அந்த ஞாயிறு 26 நிமிடம் கதைத்தான், முழுவதும் ஜேர்மனில். இது சட்டப்படி குற்றம், தெருவில் நின்று ஒருவரின் பெயரைக் கூவுவதுபோல என்றான். முடிவில் மட்டும் தமிழுக்கு வந்தான்.

"அப்பா, நீங்கள் ஏன் எண்ணினதுக்குப் பிறகு யோசிக்கிறீங்கள்?"

ரெர்மின் வந்தது. விண்ணப்பித்தோம். பாடசாலையின் கடிதம் இருந்தபடியால் தொண்டர்களுக்கு அது இலவசம். 22 நாள் கழித்துத் தபாலில் வந்தது. ஜோசப், அந்தோனிப்பிள்ளை. பதிவு எதுவும் இல்லை. அதற்குள் அந்தோனி பேத்தியைக் கூட்டிவராத பள்ளி நாட்கள் 29. நடுவில் விடுமுறை வந்தபடியால் அவ்வளவுதான்.

6

கூட்டம் டிசெம்பர் 7, சனிக்கிழமை, பின்னேரம் 3 மணி. வந்தவர்கள் 47 பேர். பட்டியல் போடும்போது 31, எடுக்கும்போது 47. இதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தோனி பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

நான் எழுந்து பெயர் விபரத்தை விளங்கப்படுத்தினேன். சான்றிதழ் கைமாறிக் கைமாறிப் போனது. பொருளாளர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது ஜோசப்பின்ர றிப்போட். பட்டியலில இருக்கிறது அந்தோனிப்பிள்ளை."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் தான் குற்றவாளி இல்லை என்று முத்திரை குத்திய கடதாசியோடு வந்து இருக்கிறான். அதை வைத்துப் பகிடி.

ரமணன் எழுந்தார். "நான் பிழை விட்டிட்டன். ஏழாவது பேரைச் சிவப்புக் கோடு போட்டு வெட்டித் திருத்தின பட்டியல் போடுவம்."

வெட்டினாலும் வாசிக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, கவிதா கை உயர்த்தினாள். கவிதாவுக்கு வயது 33. இங்கே பிறந்தவள், சிறுவர் இல்லமொன்றில் வேலை. அவளுக்கும் நான்தான் வாய்ப்பாடு படிப்பித்தேன். அவள் தமிழ் கொஞ்சம் மெதுவாக வரும், சொல்லைத் தேடி எடுத்து வைப்பதுபோல.

"மாஸ்டர், ஒரு கேள்வி. இந்த ஒன்பது பேரில ஒருத்தராவது எங்கட பள்ளிக்கூடத்துக்குள்ள வந்திருக்கினமோ?"

"இல்லை" என்றேன்.

"வந்த ஒருத்தர் இருக்கிறார். அவர் ஏன் இதில இல்லை?"

"ஆர் அது, கவிதா?" என்று ரமணன் கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியாது.

"அண்ணா, உங்களுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. நீங்களும் பாட்டு வகுப்புக்கு வந்தனீங்கள். பாட்டு மாஸ்டருக்குப் பொன்னாடை போத்தி அனுப்பினவை. இஞ்ச நிக்கிற எங்கட மாஸ்டர்தான் வாழ்த்துரை வாசிச்சவர். என்ர அக்கா அண்டைக்கு வரேல்ல. ஏன் வரேல்ல எண்டு இஞ்ச இருக்கிற ஆறு பேருக்குத் தெரியும்."

நான் எண்ணினேன். தலை குனிந்தவர்கள் ஆறு பேர். என்னைச் சேர்த்து. மூவர் அன்றைய நிர்வாகம், மூவர் காதுவழி அறிந்தவர்கள்.

1998 மார்ச். நிர்வாகக் குழு ஐந்து பேர், என் வீட்டுக் குசினியில் கூடினோம். கவிதாவின் தாய் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். மூத்த பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போக மறுக்கிறாள் என்றார். ஏன் என்பதையும் சொன்னார். என் மனைவி, அப்போது உயிரோடு இருந்தவர், தேத்தண்ணி வைத்தார். அந்தத் தாய் அதைத் தொடவில்லை. நாங்கள் நம்பினோம். இதை எழுதியே ஆகவேண்டும்: ஐந்து பேரும் அந்தத் தாயை நம்பினோம். நம்பிவிட்டுச் சொன்னோம், "பொலிசுக்குப் போனால் பிள்ளையின்ர பேர்தான் கெடும், அக்கா. நாங்கள் ஆளை அனுப்பிவிடுறம்."

அனுப்பினோம். 300 கிலோமீற்றர் தள்ளி இன்னொரு தமிழ்ப் பாடசாலைக்கு. எங்கள் வழக்கம் அது: ஆளைப் போகச்சொல்ல வேண்டுமென்றால் முதலில் மேடையேற்றிப் பொன்னாடை போர்ப்போம். அந்தப் பாடசாலை அவரைப்பற்றி ஒரு நற்சான்று கேட்டது. செயலாளர் நான். கையெழுத்து அழகு என்று எனக்குப் பெயர். நான் எழுதினேன்.

கூட்டத்தில் ரமணன் கைபேசியை எடுத்து, எல்லார் முன்னாலும் பட்டியலைக் குழுவிலிருந்து அழித்தார். அது மற்ற எத்தனை குழுக்களில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான்கு, அமெரிக்காவோடு.

7

வெளியே கவிதாவிடம் போனேன். "நான் இப்ப என்ன செய்ய வேணும், பிள்ளை?"

"அக்காவோட கதைச்சனான். பொலிசுக்குப் போறதோ இல்லையோ எண்டு அவ தீர்மானிப்பா. அது அவவின்ர முடிவு. அந்தாள் இன்னும் படிப்பிக்கிறார், மாஸ்டர். படம் பாத்தனான். நீங்கள் எழுதிக் குடுத்த கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. அக்காவின்ர பேர் எழுத வேண்டாம். உங்கட பேர் எழுதுங்கோ."

அவள் காட்டிய படத்தில், மேடையில் அந்த ஆள் நடுவே இருந்தார். சுற்றிலும் பிள்ளைகள். எண்ணினேன். பதினான்கு.

அந்தோனியும் நானும் ட்ராமுக்கு நடந்தோம். 290 எட்டு. அவருக்கு மருமகன் தொலைபேசி எடுத்துத் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். நான் அதற்கு மகிழ்ச்சி சொன்னேன்.

"மாஸ்டர், என்ர பேரை எடுக்க எத்தினை நாள் திரிஞ்சனீங்கள்?"

"ஐம்பத்தாறு."

"அந்தப் பெட்டைக்கு?"

நான் கணக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அலுமாரியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருக்கிறவன் நான். நான்காவது கோப்பில் இருந்தது. 11 வரிகள். 'ஒழுக்கசீலர்' என்ற சொல் இரண்டு இடத்தில். ஒன்பது பெயர் கொண்ட பட்டியலைப் போடச்சொல்லி எழுந்து நின்றபோது, இந்தப் பத்தாவது மனிதனின் நற்சான்று என் அலுமாரியில், என் கையெழுத்தில் இருந்திருக்கிறது. எனக்கு அது ஞாபகம் வராமல் போகவில்லை. வந்தது. அது வேறு விஷயம் என்று நினைத்தேன். பட்டியல் என்றால் வெளியாட்களுக்கு. எங்களோடு இருந்து சாப்பிட்டவர், எங்கள் பிள்ளைகளுக்குச் சரஸ்வதி பூசையில் பாடிக்காட்டியவர், அவரை எப்படிச் சிவப்புப் புள்ளியாக்குவது? ஒரு தாய் வந்து வாய் திறந்து சொன்ன பெயரைக் கேட்கமாட்டோம். முகம் தெரியாத ஜூட்டைத் தேடிப் பிடித்து, அதையும் பிழையாகப் பிடிப்போம். 118 பேருக்கு அனுப்பினால் 118 பேரும் பார்ப்பார்கள், எவருக்கும் பொறுப்பில்லை. பொறுப்பான ஒருவருக்கு, ஒரு கடிதம், 1998 மார்ச்சில். அதுதான் தேவைப்பட்டது. அதை எழுத என்னிடம் பேனை இருந்தது.

எழுதினேன். ஒன்று அந்தப் பாடசாலை நிர்வாகத்துக்குத் தமிழில், ஒன்று அந்த நகரத்துச் சிறுவர் நலன் அலுவலகத்துக்கு ஜேர்மனில். ஒரு தாய் எங்களிடம் என்ன முறையிட்டார், நாங்கள் ஐந்து பேரும் அதை அறிந்துகொண்டே அந்தப் பாட்டு மாஸ்டரை எங்கே அனுப்பினோம், அந்த நற்சான்று பொய், அதை எழுதியவன் நான். பிள்ளையின் பெயர் எழுதவில்லை. கீழே என் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி. மற்ற நான்கு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருக்கும் இருவருக்கும் சொன்னேன். ஒருவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை, டிசெம்பர் 9, காலை 10 மணி 20 நிமிடம். 3 பாகை, மழை இல்லை. தபாலகத்துக்கு அந்தோனியும் வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர்.

"பன்னிரண்டரைக்குப் பிள்ளையைக் கூட்டவேணும்" என்றார்.

"நேரம் கிடக்கு."

"நேரத்துக்கில்லை, மாஸ்டர்." மஞ்சள் மேலங்கி இல்லை, கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். "றோட்டுக் கடக்கேக்க அவளின்ர கையைப் பிடிக்கிறதோ விடுகிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு வாறன். முந்தி யோசிச்சதில்லை."

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு உறைகளையும் தராசில் வைத்து நிறுத்தார். பதிவுத் தபால், பெற்றவர் கையெழுத்து வைத்த அட்டை திரும்பி வரவேண்டும் என்றேன். பற்றுச்சீட்டைத் தந்தார். அதை இந்தக் குறிப்போடு வைத்திருக்கிறேன்.

1998 இல் அந்த நற்சான்றை அனுப்ப ஆன முத்திரை 1 மார்க் 10 பெனிக். அதைத் திருப்பி எடுக்க, கடிதம் ஒன்றுக்கு 5 யூரோ 70 சதப்படி இரண்டு கடிதம். மொத்தம் 11 யூரோ 40 சதம்.